ஒரு சிரட்டை பெட்ரோல்

வெந்த பன்றித் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சுலபமில்லை, சார்ஜென்ட். சூடு விலாவைப் பொசுக்குகிறது. கொழுப்பு சட்டைக்குள் வழிகிறது. போதாக்குறைக்குப் பின்னால் உனைசி அகப்பையோடு துரத்திக்கொண்டு வருகிறாள். செத்துப்போன கிட்டியோனேயின் மனைவி.

"திருட்டுத் தடியா! அதை வெச்சிட்டுப் போடா! போதகருக்குன்னு எடுத்து வெச்சது!"

"போதகருக்கு வால் போதும்!"

"கெழட்டு வயசுல ஓட்டத்தைப் பாரு! இடுப்பு புடிச்சுக்கிட்டா என்கிட்ட எண்ணெய் கேட்டு வராதே!"

கோயிலை இரண்டு சுற்று சுற்றினேன். மூன்றாவது சுற்றில் இடுப்பில் கட்டியிருந்த சுலு அவிழ்ந்து காலில் சிக்கிக்கொண்டது. நானும் பன்றித் தலையும் ஒன்றாக மணலில் விழுந்தோம். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நூறு நாளாகச் சிரிப்பை மறந்திருந்த ஊர் அது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் நற்சான்றுப் படிவத்தில் ஆறாவது கேள்வி: "திருட்டு முதலான குற்றம் ஏதேனும் செய்ததுண்டா?" பன்றித் தலையை அங்கே எழுதிவிடாதீர்கள். அது என் உரிமை.

நீங்கள் லபாசாவிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதனால் சொல்கிறேன். என் ஊர் பெரிய தீவில், ஆற்றங்கரையில். கிட்டியோனேயின் ஊர் இந்தத் தீவு. இரண்டு ஊரையும் உண்டாக்கியவர்கள் அண்ணன் தம்பிகள் என்பது எங்கள் கணக்கு. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் 'தௌ' என்றுதான் கூப்பிடுவோம். உங்கள் இந்திய ஆட்களில் மாமன் மச்சான் கேலி இருக்கிறதே, அதைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். தௌ எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒளிக்கலாம், எப்படி வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம். சாவு வீடானாலும் சரி. மற்றவன் கோபப்படக் கூடாது. அது ஒன்றுதான் சட்டம்.

கோயில் கூரை போட வந்த தச்சன் நான். கிட்டியோனேயின் குரலைக் கேட்டுவிட்டு இங்கேயே தங்கிவிட்டேன். முப்பத்தொரு வருடம் அவன் முதல் குரல், நான் இரண்டாம் குரல். இனோசிக்குக் கீழ்க் குரல். உகுலேலே வாசிக்க பெதேலி. கல்யாணம், ஓட்டல், கோயில் விருந்து, எங்கே யங்கோனா வேரைக் கரைத்துக் குடித்தாலும் நாங்கள் நால்வரும் இருப்போம். அந்த முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாள்கூட நான் அவன்மேல் கோபப்பட்டதில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

பன்றித் தலையைத் திருப்பிக் கொடுத்த பிறகு யங்கோனா மரத்தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். நூறாம் நாள் அல்லவா, துக்கம் முடிகிற நாள். அன்று பகல் முழுக்க அவனைப் பற்றித்தான் பேச்சு.

"கிதார் சுருதி சேர்க்கவே அரை மணி நேரம் எடுப்பான். அதுக்குள்ள மாப்பிள்ளைக்குத் தூக்கம் வந்துடும்" என்றான் பெதேலி.

"கண்ணை மூடிட்டுத்தான் பாடுவான். அந்த ஓட்டல்ல ஒரு நாள் கண்ணைத் தொறந்து பாத்தா ஒருத்தருமில்ல. மழைன்னு எல்லாரும் உள்ள ஓடிட்டாங்க. 'நம்ம பாட்டுல உருகிட்டாங்க போல'ன்னான் பாரு!" இது இனோசி.

"தலைக்கு பூட் பாலிஷ் போடுவாரே, அதைச் சொல்லு" என்றாள் உனைசி. "வேர்த்தா நெத்தியில கறுப்பா ஒழுகும். துடைச்சு விடுறதே எனக்கு வேலை."

என் முறை வந்தது. ஒரு கல்யாணத்தில் அவன் கிதாரின் இரண்டு தந்தியைக் கழற்றிவிட்டு நான் தூண்டில் நரம்பு மாட்டிவைத்த கதையைச் சொன்னேன். மூன்றாவது பாட்டில்தான் கண்டுபிடித்தான். "நம்ம தௌ கைபட்டதும் கிதார் சத்தம் தேவலையே!" என்று மைக்கிலேயே சொன்னான். அப்படிப்பட்ட மனிதன். எதைச் செய்தாலும் அதை அவன் சிரிப்பாக மாற்றிக்கொள்வான். கடைசியில் கூட்டம் சிரிப்பது அவனோடு சேர்ந்துதான். அதிலெல்லாம் எனக்கு வருத்தமில்லை.

பிறகு பெட்ரோல் கதை. அதற்குத்தானே இனோசி காலையில் உங்களிடம் வந்தான்? தெரியும். வாசலில் அவன் செருப்புத் தடம் இருந்தது. அவனுக்கு இடது கால் சாய்வு. எழுதுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

பெட்ரோல் விளையாட்டை ஆரம்பித்தவனே கிட்டியோனேதான். நான் இங்கே வந்த முதல் வருடம், என் படகு டப்பாவில் பாதியை உறிஞ்சி எடுத்துவிட்டான். நடு உள்கடலில் இயந்திரம் நின்றது. கரையில் ஊரே நின்று சிரித்தது. அடுத்த மாதம் நான் அவனுக்குச் செய்தேன். அப்புறம் வருடத்துக்கு இரண்டு தடவையாவது நடக்கும். எடுத்தவன் கயிறோடு போய் இழுத்து வர வேண்டும் என்பது பேச்சு. இத்தனைக்கும் அவன் படகுக்கு பெட்ரோல் ஊற்றுவதே நான்தான். கிதார் வாசிக்கிற விரல் கெட்டுவிடும் என்று கனமான எதையும் தூக்க மாட்டான்.

போன ஜூனில் ஆக்லாந்திலிருந்து கடிதம் வந்தது. அங்கே இருக்கிற நம் தீவுச் சங்கத்தார் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று டிக்கெட். நாங்கள் நான்கு பேர். ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே நிற்கும்போது அவன் என் தோளில் கை போட்டான்.

"தௌ, நானும் இனோசியும் பெதேலியும் போறோம். ரெண்டாம் குரலையும் பெதேலியே பாடிக்குவான்."

"அப்ப நான்?"

"உன் குரலுக்கு விசா கெடைக்கலையாம். அந்த ஊர்ல காட்டு மிருகத்தை உள்ள விட மாட்டாங்களாம். விமான நிலையத்துல நாய் இருக்குமாம், எல்லாரையும் மோந்து பாக்க. உன் குரலைக் கேட்டா அந்த நாய் வேலையை விட்டுட்டு ஓடிடுமாம்!"

போதகர்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? எங்கள் சட்டம் அப்படி. வீட்டுக்குப் போய் சாப்பிட்டேன். மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

ஆறு நாள் கழித்து, சனிக்கிழமை, அவன் தன் படகில் பக்கத்துத் தீவுக்குப் போய் சுவாவுக்குப் போகிற கப்பலைப் பிடிக்க வேண்டும். மற்ற இருவரும் அடுத்த வாரம் புறப்படுவதாக ஏற்பாடு. ஊர் முழுக்க மேலே பள்ளி மைதானத்தில் ரக்பி பார்த்துக்கொண்டிருந்தது. நான் காலையிலேயே அவன் டப்பாவைச் சரி செய்துவிட்டேன். எவ்வளவு விட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பது முப்பத்தொரு வருடத்தில் கைக்கே தெரிந்துவிட்டிருந்தது. வழக்கமாக நடு உள்கடலில் நிற்கிற மாதிரி விடுவேன். அன்று ஒரு சிரட்டை அதிகம் விட்டேன். கஞ்சத்தனம் பார்க்கவில்லை. அந்த ஒரு சிரட்டை அவனை, தீவைச் சுற்றிய பவளத்திட்டு வெளிக்கடலுக்குத் திறக்கிற வாய் வரைக்கும் கொண்டுபோகும். மூன்று மணிக்குக் கடல் ஓதம் இறங்க ஆரம்பிக்கும். உள்கடல் தண்ணீர் மொத்தமும் அந்த வாய் வழியாகத்தான் வெளியே பாயும். அதுவும் எனக்குத் தெரியும். தெரியாது என்றால் பொய்.

பதினொரு நாள் கழித்து ஒரு மீன்பிடிக் கப்பல் படகைக் கண்டெடுத்தது. அதில் கிதார் இருந்தது. கிட்டியோனே இல்லை. நீங்கள் விசாரிக்க வந்தபோது, அன்று வீட்டில் இருந்ததாகச் சொன்னேன். விளையாட்டை முன்கூட்டிச் சொன்னால் சுவை போய்விடும். மேலும் நூறு நாள் துக்கம் இருக்கிறது. மரியாதை என்று ஒன்று உண்டு.

ஆனால் செய்தவன் ஒரு நாள் சொல்லியாக வேண்டும். யாருக்கும் தெரியாத கேலி எப்படிக் கேலியாகும்? அதனால் நூறாம் நாளன்று யங்கோனா சிரட்டையைக் காலி செய்துவிட்டு எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"அன்னைக்கு அவன் பெட்ரோலை எடுத்தது நான்தான்."

அப்புறம் வெடித்தது பாருங்கள் சிரிப்பு. பெதேலி பாயிலேயே சாய்ந்துவிட்டான்.

"யோவ் தௌ! செத்தவனையும் விட மாட்டியா நீ!"

"நெஜமா எடுத்தேன்டா. ஒரு சிரட்டை மட்டும் அதிகமா விட்டேன்."

"கேட்டீங்களா, அளவு வேற சொல்றான்! எடுத்தது எடுத்தே, அவன் பூட் பாலிஷையும் எடுத்திருக்கலாமில்ல? மீனுங்களாவது பொழைச்சிருக்கும்!"

உனைசி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் கையைப் பிடித்தாள். "நூறு நாளாச்சு தௌ, நான் இப்படிச் சிரிச்சு. அவரு இருந்திருந்தா இதுக்கு என்னா பதில் சொல்லியிருப்பாரு!" பிறகு உள்ளே போய் அவன் கிதாரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "ஆக்லாந்துக்காரங்க மறுபடியும் எழுதியிருக்காங்க. அவரு நினைவா ஒரு நிகழ்ச்சியாம். அவரு பாட்டை நீதான் முன்னால நின்னு பாடணும்."

அந்த விசாவுக்குத்தான் உங்கள் நற்சான்று வேண்டும். வியாழக்கிழமை கப்பல். அதற்குள் நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு.

சிரிக்காதவன் இனோசி மட்டும்தான். கீழ்க் குரல்காரர்களுக்குக் காது கூர்மை. அடுத்தவன் எங்கே நிற்கிறான் என்று கேட்டுக் கேட்டே பழகியவர்கள். சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"தௌ, அன்னைக்கு மைதானத்துல எனக்குப் பாட்டு கேட்டுச்சு. ரெண்டு குரலு. நீயும் அவன்கூடப் படகுல போறேன்னு நெனச்சேன். இவங்க சமாதானம் ஆயிட்டாங்கன்னு சந்தோஷப்பட்டேன்."

"காத்து அப்படி எதிரொலிக்கும்" என்றேன்.

"எதிரொலி ரெண்டாம் குரல் பாடுமா தௌ?"

யாரோ அதற்கும் சிரித்தார்கள். அவன் எழுந்து போய்விட்டான்.

பேனாவை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள், சார்ஜென்ட்? கேளுங்கள். கேட்டால் சொல்லப் போகிறேன். ஆமாம், அந்தக் குரல் என்னுடையதுதான்.

எங்கள் விளையாட்டில் இன்னொரு பழக்கம் உண்டு, ஊருக்குத் தெரியாதது. மாட்டிக்கொண்டவன் கத்த மாட்டான். உட்கார்ந்து ஒரு பாட்டின் முதல் வரியை எடுப்பான். கேட்டவன் இருக்கிற இடத்திலிருந்தே இரண்டாம் குரலைச் சேர்ப்பான். கேட்டுவிட்டேன், கயிறு கையில் இருக்கிறது, வந்துகொண்டே இருக்கிறேன், நீ சும்மா உட்கார் என்று அதற்கு அர்த்தம். அதற்குப் பிறகு அவன் துடுப்பைத் தொட மாட்டான். காய்ச்சல் கண்டு கிடந்த நாளில்கூட நான் பாடிவிட்டுப் போகாமல் இருந்ததில்லை.

அன்று திட்டின் வாய்க்குக் கொஞ்சம் முன்னால் இயந்திரம் நின்றது. அங்கே ஆழம் இரண்டு ஆள்தான், அடியில் மணல். படகில் நங்கூரம் இருந்தது. போட்டால் கல்லாட்டம் நின்றிருக்கும். நான் கண்டல் மரங்களுக்குப் பின்னால் நின்றேன். அங்கிருந்து எனக்கு அவன் தெரிவான். அவனுக்கு என் குரல் கேட்கும். அவ்வளவுதான்.

அவன் முதல் வரியை எடுத்தான். நான் சேர்ந்துகொண்டேன். அவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். "சீக்கிரம் வாடா தௌ! கப்பல் போயிடும்!"

இரண்டாம் வரியில் படகு மெல்லத் திரும்பியது. எழுந்து நின்று நங்கூரக் கயிற்றைக் கையில் எடுத்தான். கரையைப் பார்த்தான். நான் இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்தினேன். கயிற்றைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டான். மூன்றாம் வரியில் அவன் திட்டின் வாயைக் கடந்துவிட்டான். அதற்கு அப்பால் எந்தக் கயிறும் எட்டாத ஆழம். அங்கேயிருந்து அவன் பாடவில்லை. என்னைக் கூப்பிட்டான். தௌ என்று கூப்பிடவில்லை. "சகியாசி" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை.

நீங்கள் இப்போது கோபத்தில் செய்தது என்று எழுதப் போகிறீர்கள். எழுதாதீர்கள், அது உண்மையில்லை. இரண்டாம் குரல் எவ்வளவு நுணுக்கமானது என்று பாடுகிறவனைக் கேளுங்கள். மனதில் துளி கசப்பு இருந்தாலும் நடுங்கிவிடும். அன்று என் குரல் ஓர் இழைகூட நடுங்கவில்லை, சார்ஜென்ட். அவன் கூப்பிடுவது கேட்காமல் போன பிறகும், பாட்டைக் கடைசி வரி வரைக்கும் பாடி முடித்துவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போனேன்.