தோள் தரையில் பட்ட பிறகு

ஒட்டுக்கேட்ட கதை என்றால் உன் காது ஏன் இப்படி நீளுகிறது? வெட்கமாயில்லை? சரி, கேள். பஸ்ஸில் என் முன் சீட்டில் கண் வீங்கிய ஒரு மல்யுத்தக்காரியும் அவள் அம்மாவும்.

"ஒலிம்பிக் வரைக்கும் போனவடி நீ. குத்து, உதை எல்லாம் உண்டுங்கற இந்தக் கூண்டுச் சண்டைல முதல் நாளே எப்படி தோத்த?"

"அவள மல்லாக்கத் தள்ளி, ரெண்டு தோளும் தரையில பட அமுக்கினேம்மா. மல்யுத்தத்துல அதோட ஜெயிச்சாச்சு. அந்த நினைப்புல எழுந்து கைய தூக்கிட்டேன். இதுல அதோட முடியாதாம். அவ எழுந்து குத்திட்டா. விட்டுடவா?"

"விடாத. அடுத்த தடவ ரெஃப்ரி சொல்ற வரைக்கும் அவ மேலருந்து எழுந்துக்காத."

ஜீவனஹள்ளியில் இறங்கினார்கள். என் வீடு அங்கே இல்லை. இருந்தாலும் பின்னாலேயே போனேன். மகளின் வீங்கிய கண்ணைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கேட்டதற்கு அம்மா சொன்னாள்:

"எம் பொண்ணுதான் ஜெயிச்சா. அடிச்சவளுக்குத்தான் இன்னும் விஷயம் தெரியல."