மந்திரி ஐயா என் மேல் விழுந்த காலை

சைரன். ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. எல்லாருடைய கைத்தொலைபேசியும் ஒரே நேரத்தில் அலறுகிறது. செப்டம்பர், வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. பிராங்பேர்ட்டில் ஒரு முதியோர் இல்லம். நான் அங்கே பராமரிப்பு வேலை. கையில் சூப் கிண்ணம். இன்று நாடு முழுவதும் சைரன் சோதனை என்று லிஃப்டில் ஒட்டியிருந்தார்கள். நானே வாசித்தேன். கால்களுக்கு அது தெரியவில்லை. ஜன்னலடியில் விறைத்து நிற்கிறேன்.

கண்ணுக்குள் வன்னி, கடைசிப் போர். கடற்கரை மணல். ஷெல் கூவிக்கொண்டு வருகிறது. கூவல் நிற்கிறது. நின்றால் நமக்குத்தான்.

"படு பிள்ளை! எழும்பாதை!"

அம்மா என் மேல் விழுந்தார். பிறகு நான் எழும்பினேன். அம்மா எழும்பவில்லை. பங்கர்க் குழிக்கு ஓடிய தம்பி அதன் வாசலிலேயே கிடந்தான்.

"கீழே! கீழே படு!"

இது ஜெர்மன் மொழியில். கத்தியவர் சக்கர நாற்காலியில் இருந்த கிழவர். அல்ஜீரியர். ஒரு காலத்தில் அங்கே அமைச்சர். உடன் வேலை செய்யும் சுகந்தியும் நானும் அவரை மந்திரி ஐயா என்றுதான் சொல்வோம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் மலைக் கிராமமொன்றில் பிறந்தவர். பதினேழு வயதில் அவர்களுடைய சிறை. நாடு விடுதலையானதும் பதவி. பிறகு சொந்த ஆட்களோடு பகை. இங்கே தஞ்சம். சிறையைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்வார். வாங்கிய அடியைக்கூட. தங்கை மலிக்காவைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கமாட்டார். பிரெஞ்சு விமானம் வந்த அன்று அவர் பள்ளத்துக்கு ஓடினார். ஆறு வயதுக்காரி முற்றத்தில் நின்றாள். அவள் மேல் விழுந்து படுத்திருக்கலாம் என்பார். ஒவ்வொரு முறையும் அங்கேயே நிறுத்திவிடுவார்.

நடக்க முடியாத அந்த மனிதர் நாற்காலியிலிருந்து பாய்ந்தார். என்னைத் தள்ளி மேலே விழுந்தார். இரண்டு கையாலும் என் தலையை மூடினார். விறகு முறிவது போல ஒரு சத்தம். சைரன் ஓய்ந்தது.

"அக்கா, எழும்புங்கோ. இது சும்மா சோதனைதான்," என்றாள் சுகந்தி.

முறிந்தது அவருடைய இடுப்பு எலும்பு. ஆஸ்பத்திரியில் காய்ச்சல், நெஞ்சில் சளி. உனக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். முகம் தெளிந்தது. அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் கண்டதில்லை. வெளியே வந்து அழுதேன். மறு வாரம் போய்விட்டார்.

அன்று குண்டு எதுவும் விழவில்லை. ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள். போரில் நான் இழந்தவர்கள்: அம்மா. தம்பி. மந்திரி ஐயா. மலிக்காவைப் பற்றிச் சொல்ல இனி வேறு யாரும் இல்லை. அவளையும் சேர்த்து நால்வர்.