மருந்து படாத செல்கள்

துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் மறித்துக்கொண்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. ஆஸ்பத்திரியில் வெட்டியெடுத்த கட்டித் துண்டு ஐஸ் பெட்டியில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேர்வதற்குள் முக்கால்வாசி செல்கள் செத்துப்போயிருக்கும். சாயம் விட்டுப் பார்ப்போம். செத்தது நீலமாகிவிடும், உயிருள்ளது நிறம் ஏறாமல் மின்னும். அநேகமாக எல்லாம் நீலம்தான். எனக்கு அழுகையாக வரும்.

இன்ஸ்பெக்டர் சார், என் வேலையே புற்றுக்கட்டியைத் தனித்தனி செல்லாகப் பிரித்து ஒவ்வொன்றின் மரபணுவையும் படிப்பதுதான். மொத்தமாக அரைத்துப் படித்தால் சந்தைக்கடை இரைச்சல்தான் கேட்கும். ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் எது முதலில் தடம் மாறியது என்று தெரியும்.

ஓட்டப்பிடாரத்தில் எங்கள் தெருவே என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடும். நான் வாங்கியது ஆராய்ச்சிப் பட்டம், வைத்தியம் படித்தவள் இல்லை. யாரும் விசாரிக்கவில்லை, நானும் திருத்தவில்லை. அந்த நம்பிக்கையில்தான் அண்ணன் பெண்டாட்டி சந்தனச்செல்வி, மார்பில் ஏதோ கட்டி என்று என்னிடம் வந்தாள். ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிப் பார்த்தேன். புற்றுதான். ஆனால் அத்தனை செல்லும் உயிரோடு இருந்தன.

"வெறும் நீர்க்கட்டி மைனி. மாசாமாசம் வாங்க, ஊசியில உறிஞ்சி எடுத்துருதேன்."

"பயமா இருக்குளா சரண்யா. பெரியாஸ்பத்திரில ஒருக்கக் காட்டிருவமா?"

"அங்கன போனா கத்திய வச்சிருவாவ. நான் இருக்கேம்லா."

"நீ சொன்னா சரிதான்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லிட்டிருந்தது.

கீமோ ஒரு தடவை ஏறிவிட்டால் செல்களின் குணமே மாறிவிடும். மருந்து படாத ஒரு கட்டி மாதாமாதம் எப்படி வளர்கிறது என்று பார்க்க யாருக்கும் வாய்ப்பதில்லை, எனக்கு வாய்த்தது. கொஞ்சம் பொறுத்தால் அவளுக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று மனதார நம்பினேன்.

ஒரு மாதம் புதிதாக ஒரு கூட்டம் தலைகாட்டியது. இடம்விட்டு இடம் பாயக் கற்றுக்கொண்ட செல்கள். அவள் அக்குளைத் தொட்டுப் பார்த்தேன், நெறி கட்டியிருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து அவளும் பயந்துபோனாள். சூட்டுக்கு வந்திருக்கும் என்றேன். அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். அடுத்து எங்கே பாய்கிறது என்று பார்க்காமல் பாதியில் எப்படி விடுவது?

முதுகெலும்புக்குப் போனது. புரண்டு படுக்க முடியாமல், "நீர்க்கட்டிக்கு முதுகு ஏம்ளா இப்படி வலிக்கு?" என்று கேட்டாள். வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அந்த மாதமும் ஊசியில் உறிஞ்சி எடுத்தேன். ஆடி பிறக்குமுன் போய்விட்டாள்.

கொன்றேன் என்று எழுதச் சொல்கிறீர்கள். நான் பொறுத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். பொறுப்பதில் ஆபத்தில்லை என்று இப்போதும் சொல்வேன்.

எனக்கே வந்திருந்தால் என்று நீங்கள் கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மதினி உயிரோடு இருந்தபோதே, குளிக்கையில் எனக்கும் மார்பில் பட்டாணி அளவில் ஒன்று தட்டுப்பட்டது. மறுநாளே மதுரைக்குப் போனேன். பரிசோதித்த டாக்டர், "ஒரு மாசம் பொறுத்துப் பாக்கலாமேம்மா" என்றார்.

ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.