திருடு போகாத ஆம்ப்ளிஃபயர்

ரேடியோ மெக்கானிக் என் ஆம்ப்ளிஃபயரைத் திருடிவிட்டார் என்று சென்ற வியாழக்கிழமை நான் கொடுத்த புகார் பொய். அந்தப் பெட்டியை என் கையாலேயே அவரிடம் எடுத்துக் கொடுத்தேன்.

எனக்கு வயது அறுபத்தொன்று. கடைத்தெருவில் பிளைவுட் மொத்த வியாபாரம், கடைக்கு மேல் மாடியில் குடியிருப்பு. மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது. ஒரே மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். மூட்டை தூக்கிக் கடை வைத்தவன் நான். பேரமும் தெரியும், பொய்யும் தெரியும். தெரிந்தேதான் புகார் கொடுத்தேன்.

மனைவி போன பிறகு ஹெட்போனில் பாட்டுக் கேட்கும் பழக்கம் வந்தது. நல்ல ஹெட்போனுக்குத் தனியாக ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்றார்கள். ஒன்று வாங்கினேன், அது நான்காயிற்று. அதில் வால்வு போட்ட பெரியது ஒரு பழைய கார் விலை. அதன் வால்யூம் குமிழ் கரகரத்தபோது சுத்தம் செய்ய வந்தவர்தான் மேற்படி மெக்கானிக், வயது அறுபத்தேழு. அதன் பிறகு மூன்று வருடமாகச் சனிக்கிழமைதோறும் நான்கு மணிக்கு வருவார். அவருக்கென்று இன்னொரு ஹெட்போன் வாங்கினேன். பெரிய பெட்டியில் இரண்டு மாட்டலாம். எதிரெதிரே உட்கார்ந்து, பேசாமல், ஒரே பாட்டைக் கேட்போம். கழற்றிய பிறகு எந்தப் பெட்டி உசத்தி என்று சண்டை.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அவர் பெரியதையும், இருப்பதிலேயே மலிவான சின்னதையும் துண்டால் மூடி, மாற்றி மாற்றிக் கேட்கவைத்து, உசத்தி எது என்று பத்து முறை கேட்டார். சத்தம் மயிரிழை கூடினாலும் காது அதைத்தான் நல்லது என்னும் என்பதால், இரண்டையும் மீட்டர் வைத்துச் சமமாக்கியிருந்தார். நான் எட்டு முறை சின்னதைச் சொன்னேன். துண்டை எடுத்துவிட்டு, "ஏன் தம்பி, இத்தன நாளா காதுல கேட்டீங்களா, பில்லுல கேட்டீங்களா?" என்றார். சாவி கொடுக்க மாடிக்கு வந்த லோடு ஆட்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள். "பழுது பாக்க வந்த ஆளு அதோட நிறுத்திக்கணும். இங்க உக்கார வெச்சதே என் தப்பு" என்றேன். அவர் ஹெட்போன் ஒயரைச் சுருட்டி வைத்தார். பெரியதில் இடது பக்கம் ஓர் இரைச்சல் இருந்தது. "இத சரி பண்ணிக் குடுத்துடறேன். அதோட சரி, முதலாளி" என்றார். நானும் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். என்னை முதலாளி என்று அவர் சொன்னது அன்றுதான்.

அதற்குப் பின் அவர் என் போனை எடுக்கவில்லை. அதன் பிறகு மூன்று சனிக்கிழமை, நான்கு மணிக்குச் சின்னப் பெட்டியைப் போட்டேன். அதில் ஒன்றுதான் மாட்டலாம். பிரிப்பு ஒயர் வாங்கி இன்னொரு ஹெட்போனையும் மாட்டி எதிர் நாற்காலியில் வைத்தேன். அதிலும் பாட்டு ஓடியது.

அவர் வீட்டுக்குப் போக முகமில்லை. போலீஸ் கூப்பிட்டால் வந்துதானே ஆகவேண்டும் என்று நினைத்தேன். வந்ததும் புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டு, அப்படியே வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம் என்பது என் திட்டம்.

இன்று காலை காவலர் ஒருவர் தன் பைக்கின் பின்னால் உட்காரவைத்து அவரை ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தார். பெட்டி அவர் மடியில் இருந்தது. "இரைச்சல் போயிடுச்சு, போட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்று காவலரிடம் சொன்னார். உதவி ஆய்வாளர் ஐயா, "பெரியவரே, இன்னும் எத்தன வீட்ல எடுத்தீங்க?" என்று கேட்டார். அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் எழுந்து உண்மையைச் சொன்னேன். என்மேல் நடவடிக்கை வரும் என்றார் ஐயா. வரட்டும் என்றேன்.

அதன் பிறகு வெளி பெஞ்சில், "அண்ணே, மன்னிச்சிடுங்க" என்றேன். "அன்னிக்குக் கோவம்தான் வந்துச்சு. இன்னிக்கு தெருவே பாத்துச்சு தம்பி. உங்க மாடிப்படி இனி ஏற மாட்டேன்" என்றார். "அப்ப நான் வரட்டுமா?" என்று கேட்டேன். சரி என்று தலையாட்டினார்.

மேற்கண்டது நான் சொல்லச் சொல்ல எழுதியது. படித்துக் காட்டக் கேட்டேன், அத்தனையும் உண்மை. எங்களுக்குள் பேசி முடித்தது: பெரிய பெட்டி அவர் வீட்டில் இருக்கும். நான் நான்கு மணிக்குப் போய் ஆறு மணிக்கு எழுந்துவிட வேண்டும். எதன் விலையையும் சொல்லக்கூடாது. நான் வாரா வாரம் கேட்டேன், அவர் மாதம் ஒன்று என்றார். மாதம் இரண்டு சனிக்கிழமை என்று முடிந்தது.

(ஒப்பம்)