கண்ணை மூடினால் கொழுந்து

லுணுகலையிலிருந்து பதுளைக்குப் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இருவரும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள் மற்றவளை மதினி என்று அழைத்தாள்.

"யோகா வகுப்புல தியானத்துக்குக் கண்ண மூடுனா, கை தன்னால கொழுந்து கிள்ளுது மதினி."

"அங்கயும் கொழுந்து மலைக்குப் போயிட்டியா?"

"பத்மாசனத்துல ஒக்காந்து, பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேத்து முழங்கால்ல வைக்கச் சொல்றாங்க. அந்த ரெண்டு விரலும் சேந்தா நமக்கு வேற என்ன ஞாபகம் வரும்?"

"இன்னைக்குத்தானே ஆள் எடுக்குறாங்க? கால் மணி நேரம் ஆடாம இருக்கணுமே!"

"இருப்பேன். நம்ம தோட்டத்துக்கு யோகா சொல்லிக் குடுக்குற வேல எனக்குத்தான். இப்ப ஒரு கை மேல ஒரு கைய மடியில வச்சிடுறேன், அசையிறதில்ல. அப்பிடியும் வைக்கலாம்னு டீச்சரே சொல்லிட்டாங்க."

"வெரல் தன்னால ஆடுமாக்கும். சும்மா கத விடாத."

மதினி செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டிலேயே சம்மணமிட்டு நிமிர்ந்தாள். விரல்களைச் சேர்த்து முழங்கால்களில் வைத்துக் கண்ணை மூடினாள்.

இரண்டு வளைவுகள் போயின. வலது கை மெல்லக் கிள்ளத் தொடங்கியது. பிறகு இடது கையும்.

"மதினி, கொழுந்துக் கூட நெறஞ்சிருச்சு. எறக்கி வைங்க."

மதினி கண்ணைத் திறந்து தன் விரல்களைப் பார்த்தாள்.

"அடியாத்தி!"

பிறகு ஒரு கையின் மேல் மறு கையை மடியில் வைத்து, மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி, அடுத்து என்ன செய்யணும், சொல்லுங்க டீச்சரம்மா."