மச்சினன் பிடிக்க வேண்டிய கயிறு

எனக்கு நீச்சல் தெரியாது சார். வண்ணார்பேட்டையில் பிறந்து ஆற்றைப் பார்த்தே வளர்ந்தவன் இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டும். ஆனால் ஆற்றைப் படம் எடுக்க நீச்சல் தேவைப்படவில்லை.

என் தொழில் பிறரைப் பிரபலப்படுத்துவது. கடைகளுக்கு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கங்களை நடத்திக் கொடுக்கிறேன். ஐயம்பெருமாள் அண்ணாச்சியின் ஜவுளிக்கடைப் பக்கமும் என் பொறுப்பில்தான் இருந்தது. ஆடித் தள்ளுபடி என்று போட்டால் அவருடைய சொந்தக்காரர்கள் மட்டும் பக்கத்துக்கு வந்து கைகூப்பும் பொம்மை போட்டுவிட்டுப் போவார்கள். எதிர்க்கடைக்காரர் ஒரு நாய்க்குட்டிக்குச் சட்டை தைத்துப் போட்டார், ஊரே பார்த்தது. அன்றிலிருந்து அண்ணாச்சிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“நாமளும் எதாவது சேவை செய்யணும்வே,” என்றார். “ரொம்பச் செய்ய வேண்டாம். எல்லாருக்கும் தெரியுத மாதிரி செஞ்சாப் போதும்.”

பாபநாசத்துக்குப் பரிகாரம் செய்ய வருகிறவர்கள், குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுப் போவது உங்களுக்குத் தெரியும். துணியோடு பாவமும் போய்விடும் என்று நம்பிக்கை. அந்தத் துணிகளை ஒரு ஜவுளிக்கடைக்காரரே முன்னின்று அள்ளினால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னைப் பற்றி நல்லதாக எதைக் கேட்டாலும் அவருக்குக் கண் கலங்கும்.

முங்கி எடுக்க உவரியிலிருந்து ஜெனிஸ்டனை வரவழைத்தேன். கடலில் சங்கு குளிக்கிறவன். ‘கடல் வந்து நதியைக் காத்தது’ என்ற தலைப்பு அவன் வருவதற்கு முன்பே தயாராகிவிட்டது. கூடவே கிளமென்ட் வந்தான். ஜெனிஸ்டனின் மனைவி ஜெர்லினுக்கு உடன்பிறந்த அண்ணன். நீங்கள் இப்போது லாக்கப்பில் வைத்திருக்கிறீர்களே, அவன்தான்.

அன்று எங்களுக்கு ஒரு சங்கடம். முந்தின வாரம்தான் கல்லூரிப் பிள்ளைகள் வந்து அந்த இடத்தை உண்மையாகவே சுத்தம் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு படம்கூட எடுக்கவில்லையாம். இப்படிப் பொறுப்பில்லாதவர்களும் இருக்கிறார்கள். வேறு வழியின்றி, கடைக் கிட்டங்கியில் விற்காமல் கிடந்த சேலைகளைக் கொண்டுவரச் சொன்னேன். வெளிறிய நிறம் தண்ணீருக்குள் தெரியாது என்பதால் சிவப்பும் மஞ்சளுமாகப் பொறுக்கினோம். ஓட்டம் இழுத்துப் போகாதபடி ஒன்றோடொன்று முடிந்து, அடியில் பாறையோடு சேர்த்து ஆள் விட்டுக் கட்டவைத்தேன்.

“புதுச் சேலை மாதிரி மினுங்குதேவே,” என்றார் அண்ணாச்சி.

“பாவம் செஞ்சவங்க வசதியானவங்கன்னு நெனச்சுக்கிடுவாங்க அண்ணாச்சி.”

கட்டியிருப்பதை ஜெனிஸ்டனிடம் சொல்லவில்லை. தெரிந்துவிட்டால் முகத்தில் அந்தத் திகைப்பு வராது.

இனிக் கயிறு. சங்கு குளிக்கிறவனின் இடுப்பில் ஒரு கயிறு கட்டுவார்கள். மறுமுனை மேலே இருப்பவன் கையில். கீழிருந்து சுண்டினால் உடனே தூக்க வேண்டும். அவர்கள் குடும்பத்தில் அதை மச்சினன் கையில்தான் கொடுப்பார்களாம். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவன் பார்த்துக்கொண்டிருப்பான் என்ற கணக்கு. அழகான வழக்கம். ஆனால் கிளமென்ட் கேமராவுக்கு ஏற்ற ஆள் இல்லை. கட்டம் போட்ட கைலியும் வெற்றிலைக் கறையுமாக நின்றான்.

“கயித்த நான்தான் பிடிக்கணும் அண்ணாச்சி,” என்றான்.

“அண்ணாச்சி பிடிச்சாத்தான் படம் வரும். நீ படித்துறையில நின்னு, குளிக்கிற ஆளுங்க குறுக்க வராமப் பாத்துக்க,” என்றேன்.

அவன் அசையவில்லை. ஜெனிஸ்டன்தான் சிரித்தான். “போலே மச்சான். இது என்ன கடலா? இடுப்பளவு தண்ணிக்கு நீ ஒரு காவலா? மொதலாளி கை மெத்துன்னு இருக்கும்லா, பிடிக்கட்டும்.”

ஆழம் இடுப்பளவு இல்லை. அவனைத் திருத்த அப்போது நேரமும் இல்லை.

அண்ணாச்சி பிடித்தது வேறு கயிறு. பருத்த புதுத் தேங்காய்நார்க் கயிறு, படத்தில் எடுப்பாகத் தெரியும். அதன் மறுமுனையில் ஒன்றும் கிடையாது. “மோதிரம் தெரியுத மாதிரி பிடிக்கட்டுமாவே?” என்று கேட்டார். பிடிக்கச் சொன்னேன். ஜெனிஸ்டனின் இடுப்பிலிருந்து வந்த நைலான் கயிறு, கேமராவுக்குப் பின்னால், என் இடக்கையில் இருந்தது.

நேரலை தொடங்கினோம். அண்ணாச்சி நதியைத் தாய் என்றார். ஜெனிஸ்டன் ஒரு சேலையோடு மேலே வந்தான், இன்னொன்றோடு வந்தான். பார்க்கிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். ‘எல்லாம் நாடகம்’ என்று ஒருவன் எழுதினான். மனிதர்களுக்கு நல்லது பிடிப்பதில்லை சார்.

அடுத்த முறை போனவன் வரவில்லை. ‘அண்ணன் எங்கே?’ என்று ஒரு பெண் எழுதினாள். பிறகு எல்லோரும் அதையே எழுதினார்கள். என் அனுபவத்தில் ஒரு பக்கம் அப்படி உயிர்பெற்று நான் பார்த்ததில்லை. அப்போதுதான் கயிறு சுண்டியது.

எனக்குத் தெரிந்தது. தெரியாது என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. கொஞ்சம் பொறுத்துத் தூக்கினால் அத்தனை பேரும் ஒன்றாகப் பெருமூச்சு விடுவார்கள் என்று நினைத்தேன். மறுபடி சுண்டியது, இந்த முறை பலமாக. பார்ப்பவர்கள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள். பிறகு சுண்டுவது நின்றது. சிக்கியதை அவனே அவிழ்த்துக்கொண்டிருப்பான் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

கிளமென்ட் படியிலிருந்து ஓடிவந்து குதித்தான். அவன் கொண்டுவந்தபோது ஜெனிஸ்டனின் கழுத்திலும் கையிலும் சிவப்புச் சேலை சுற்றியிருந்தது. அவ்வளவு நேரம் தண்ணீரில் கிடந்தும் சாயம் போகவில்லை. கடைச் சரக்கைக் குறை சொல்ல முடியாது.

“இதப் பிடி,” என்று என் கையிலிருந்ததைக் கிளமென்டிடம் கொடுத்தேன். பதறிப்போன மனிதன் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான். சுற்றி நின்றவர்கள் ஃபோனைத் தூக்கியது அதன் பிறகுதான். ஊர் பார்த்த படத்தில் கயிறு அவன் கையில் இருக்கிறது.

‘மச்சினன் கை நழுவியது, மனிதநேயம் கைகொடுத்தது’ என்ற அஞ்சலிப் பதிவையும் நான்தான் எழுதினேன். நேரலையில் அண்ணாச்சி பிடித்திருந்தது துணிகளை இழுக்கும் கயிறு என்று அதிலேயே ஒரு வரி சேர்த்தேன். கடைக்கு அதைவிடப் பெரிய பதிவு அமையவில்லை. அடக்கத்தன்று மாதா கோயில் வாசலில் கிளமென்ட் என்னைக் காட்டி ஏதோ சொல்லப் பார்த்தான். ஜெர்லின் விடவில்லை.

“கயித்த விட்டுட்டு இப்பம் அடுத்தவன் பேரச் சொல்லுதியா? ஒன்ன நம்பித்தானலே அனுப்புனேன்.”

பிறகு அவன் யாரிடமும் பேசவில்லை. உங்களிடமும் பேசியிருக்க மாட்டான்.

அவனை விடுவிக்க வேண்டும், தங்கை அவனிடம் மறுபடி பேச வேண்டும். அதற்காகத்தான் வந்தேன், விளம்பரத்துக்காக இல்லை. அண்ணாச்சிக்கு இப்போது சால்வை போடுகிறார்கள். கிளமென்டைத் திட்டியே ஆயிரம் பேர் பிழைக்கிறார்கள். அந்த நேரலையை நடத்தியவன் யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதை வருத்தமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

ஏட்டையா எழுத வேண்டாம். கேஸ்கட்டுக்குள் இருப்பதை யார் பார்ப்பார்கள்? வாக்குமூலத்தை வீடியோவில் பதியலாமாமே. கேமரா வரட்டும், முதலிலிருந்து நிதானமாகச் சொல்கிறேன். அதுவரை நான் எதுவும் சொல்லவில்லை. கயிறு கிளமென்ட் கையிலேயே இருக்கட்டும்.