‘கிழட்டுக் காதல்’ என்று எழுதினவர்

“நாப்பத்திரண்டு வயசெண்டால் கிழடோ, அக்கா?”

கிளிநொச்சியிலிருந்து முரசுமோட்டைக்குப் போன பஸ்ஸில், எனக்கு முன் சீற்றில் இருந்த பெண் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டாள். அவள் மடியில் போன ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் விரிந்திருந்தது.

“ஆர் சொன்னது?”

“இதில ஒரு பிரெஞ்சுப் படத்தைப் பற்றி எழுதியிருக்கு. பிரிஞ்சுபோன புருசனும் பெஞ்சாதியும் கனகாலத்துக்குப் பிறகு சந்திச்சு, திரும்பவும் விரும்புகினமாம். அந்தப் பொம்பிளைக்கும் என்ர வயசுதான். ‘கிழட்டுக் காதல், பார்க்கவே அருவருப்பு’ எண்டு போட்டிருக்கு.”

“அது வெள்ளைக்காரற்ற கதை. உனக்கென்ன?”

அவள் பேப்பரை மடித்தாள்.

“பிரிஞ்சுபோன என்ர மனுசன் பதினொரு வருசத்துக்குப் பிறகு மல்லாவியில இருந்து வந்து கேட்டவர், அக்கா, திரும்பச் சேர்ந்து இருப்பமோ எண்டு. ஓம் எண்டு சொல்லத்தான் இருந்தனான். இதை வாசிச்சிட்டு, வேண்டாம், சனம் சிரிக்கும் எண்டு அனுப்பிப்போட்டன்.”

“விசரி! பேப்பரில போட்டால் சரியே?”

“படம் பார்த்த, படிச்ச மனுசன் எழுதினது. பிழையா எழுதுவாரே?”

நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. அவர்களைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். எழும்பவில்லை.

எழுதினது நான். அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. கொழும்பில் பார்த்துவிட்டு வந்த நண்பன் தேத்தண்ணிக் கடையில் சொன்ன கதையை வைத்து எழுதினேன். படம் நல்லது என்றுதான் அவன் சொன்னான். ‘கிழட்டு’, ‘அருவருப்பு’ இரண்டும்தான் என்னுடைய சொற்கள்.